நாலாவது பெயர்

வியாழக்கிழமை சாயங்காலம் நீ போனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நீ சிரித்தால் நானும் கூடச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக உன்னோடு பழகியதில் என்னைப் பற்றித் தெரிந்துகொண்ட விஷயம் அது. அதனால் எழுதுகிறேன். நாளை கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை ஓசூரில் உன் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். இடையில் மூன்று நாள் இருக்கிறது. படித்துவிட்டு யோசிக்க அது போதும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உன் கம்பெனிக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் பதினொன்றாம் வகுப்பு முடித்த ஆறு பிள்ளைகளை இந்த விடுமுறையில் பத்து நாள் தொழிற்சாலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நீ பணியாளர் பிரிவில் இருப்பதால் அது உன் மேஜைக்கு வந்திருக்கிறது. உற்பத்திப் பிரிவில் யாரும் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. "வரவே வேணாம்னு ஸ்கூல்ல சொல்லிடலாம்னு இருக்கேம்மா. பத்து நாள் கழிச்சு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவோம். பசங்களுக்கு வெயில்ல அலைச்சல் மிச்சம், எங்களுக்குத் தொல்லை மிச்சம்" என்றாய். அப்படிச் செய்யலாமா என்று நான் கேட்டேன். "என்னம்மா, தெரியாத மாதிரி கேக்குற. ரெண்டு பேனா டெக்னிக் யார் சொல்லிக் குடுத்தது?" என்று சிரித்தாய்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கதையை நம் வீட்டில் ஒரு வேடிக்கையாகவே இத்தனை வருடம் வைத்திருந்தோம். உன் அப்பா விருந்தாளிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறார். நீ பதினொன்றாம் வகுப்பு முடித்த மே மாதம், உன் பள்ளியிலும் இதே போலப் பத்து நாள் எங்காவது ஒரு தொழிற்கூடத்தில் இருந்து அறிக்கை எழுதி வரச் சொன்னார்கள். அதே நாட்களில்தான் அண்ணா நகரில் உன் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் உன் பெயரைக் கொடுத்தேன். நீ ஒரு நாளும் வரவில்லை. பத்தாம் நாள் மாலை வருகைத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பத்துக் கட்டத்திலும் உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன். எல்லாம் ஒரே மையில் இருந்தால் ஒரே நேரத்தில் போட்டது தெரிந்துவிடும் என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு பேனாவை மாற்றி மாற்றிக் கொடுத்தவள் நான். இயற்பியலில் முதுகலை வரை படித்தவள், தரக் கட்டுப்பாட்டில் உட்கார்ந்து ஊரார் செய்யும் பிழையைக் கண்டுபிடிப்பதே தொழிலாக வைத்திருப்பவள், என் மூளையை அன்று அதற்குத்தான் பயன்படுத்தினேன். இதுவரை உனக்குத் தெரியும். தெரியாத பாதியைத்தான் இப்போது எழுத வேண்டும்.

எங்கள் பட்டறை உனக்கு வெளியிலிருந்துதான் தெரியும். மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் என்கிற தண்டும் புஷ் என்கிற வளையமும் கடைந்து கொடுக்கிற சின்ன இடம். அன்றைக்கு முப்பது பேர் வேலை செய்தோம். நானும் கணக்குப் பார்க்கிற ஒரு அம்மாவும்தான் பெண்கள். ஒவ்வொரு மே மாதமும் ஆவடிக்கு அந்தப் பக்கமிருக்கும் ஓர் அரசுப் பள்ளியிலிருந்து தொழிற்கல்விப் பிள்ளைகளைப் பத்து நாள் அனுப்புவார்கள். முதல் தடவை செருப்புக் காலோடு வந்த ஒரு பையனின் கால் மேல் இரும்புத் துண்டு விழுந்து விரல் நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு முதலாளி நான்கு ஜோடி பாதுகாப்பு ஷூ வாங்கி என் அறை அலமாரியில் வைத்து, "நாலு ஷூ, நாலு பசங்க. அஞ்சாவது ஆளை உள்ள விட்டா நான் பொறுப்பில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார். வருகிறவர்கள் பட்டியலை நான் எழுதிக் கொடுத்தால், அவர் அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொள்வார். எத்தனை பிள்ளைகளை எடுப்பது என்பதை முடிவு செய்தது அந்த ஷூக்கள்தான். கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் சின்னப் பட்டறைகளில் பல விதிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

அந்த வருடம் அந்தப் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியர் வழக்கம்போல நான்கு பெயர்களோடு வந்தார். ஓர் இடம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, மூன்று பேரை அனுப்புங்கள் என்றேன். ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் என்பதில் அவருக்கும் குறை இல்லை. பட்டியலைப் பார்த்தார். மூன்று பையன்கள், ஒரு பெண். பேனாவை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரை அடித்தார். "பொண்ணுக்கு நான் வேற எங்கனா பாத்துக்கறேன் மேடம். லேத்து கிட்ட நிக்கறது அவளுக்கும் கஷ்டம், உங்களுக்கும் பாத்ரூம் அது இதுன்னு தொந்தரவு" என்றார். பெண்கள் கழிவறையின் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடிக்கப்பட்ட பெயர் மகேஸ்வரி. நாலாவதாக உன் பெயரை என் கையால் எழுதினேன்.

இரண்டாம் நாள் காலை வாட்ச்மேன் வந்து, ஒரு பெண் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறது என்றார். கேட்டில் பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ், ரயில் மாறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை. "மேடம், நான் மகேஸ்வரி. ஷூ நாலுதான் கீதுன்னு சார் சொன்னாரு. எங்கப்பா இரும்பு உருக்குற ஃபவுண்டரில வேலை பாக்குறாரு. அவுரு இந்த வாரம் நைட் ஷிஃப்ட், பகல்ல ஷூ சும்மாதான் இருக்கும். எடுத்துகினு வந்துட்டேன்" என்று பையைத் திறந்து காட்டினாள். அவள் காலுக்கு மூன்று அளவு பெரிய ஷூ. முன்பக்கத்தில் திணிக்கப் பழைய துணியையும் கொண்டு வந்திருந்தாள். நான் உள்ளே போய் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சரி என்றிருப்பார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் ஐந்தாவது ஆள் என்று சொன்னால் அவர் கீழே இறங்கி வந்து எண்ணுவார். எண்ணினால் அங்கே மூன்று பேர்தான் இருப்பார்கள். என் மனதில் ஓடியது அந்தக் கணக்கு மட்டும்தான். "பட்டியல் போயாச்சும்மா, இனிமே சேர்க்க முடியாது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பையை முடிந்துகொண்டு போனாள்.

எட்டியப்பனை உனக்கு நினைவிருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் கிரிக்கெட் பேசுவாரே, எங்கள் ஃபோர்மேன். அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. "இன்னா மேடம், நாலு பேருன்னு எழ்தி வெச்சிகீறீங்கோ, மூணு தலைதான் கீது. நாலாவது ஆளு கொரட்டூர் ஏரில மீன் புடிச்சிகினு கீறாரா?" என்றார். நான் முறைத்தேன். அதற்குப் பிறகு தினமும் டீ நேரத்தில் பிள்ளைகளுக்கு வருகை எடுப்பதுபோல் மூன்று பெயரையும் கூப்பிட்டுவிட்டு, நாலாவதாக உன் பெயரைச் சொல்லி, "ஆஜர்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். பட்டறையே சிரிக்கும். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் நான் பாதுகாப்பாக இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சிரிக்கிற விஷயம் தப்பாக இருக்க முடியாது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

அந்த மூன்று பையன்களுக்கு அவர் செய்ததை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உனக்குப் பயன்படும். முதல் நாள் யாரையும் மெஷினைத் தொட விடவில்லை. ஆளுக்கொரு மைக்ரோமீட்டர் கொடுத்து, ஒரே ஷாஃப்ட்டை மூன்று பேரையும் அளந்து தனித்தனியாக எழுதச் சொன்னார். மூன்று எண் வந்தது. "இதுல எவன் சொல்றது கரீட்டு?" என்று கேட்டார். ஒவ்வொருவனும் தன்னுடையதுதான் என்றான். "அப்ப மூணு பேரும் ஒரே நம்பர் சொல்ற வரைக்கும் அளந்துகினே இருங்க. ஒருத்தன் நம்பர ஒருத்தன் பாத்து எழ்தினீங்கோ, கையி இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாடு வரை அளந்தார்கள். மைக்ரோமீட்டரின் திருகை எவ்வளவு இறுக்குவது, ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு அளப்பதா அப்படியே அளப்பதா என்று அவர்களுக்குள் சண்டை. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் ஒருவன் விடவில்லை. எனக்கு இந்தப் பத்து நாள் பயிற்சிகளில் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. பத்து நாளில் யாரும் ஒரு தொழிலைக் கற்றுவிட முடியாது. படிவத்தில் 'திறன் மேம்பாடு' என்று அச்சடித்திருப்பதை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் தன் கையால் அளந்த ஒரு எண்ணுக்காகப் பசியோடு சண்டை போட்ட பதினாறு வயதுப் பையனை என் கண்ணால் பார்த்தேன். அவன் அதற்கு முன் வகுப்பில் எந்த எண்ணுக்காகவாவது சண்டை போட்டிருப்பானா என்பது சந்தேகம்.

நாலாம் நாள் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பை இல்லை. வகுப்புப் பையன்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான். "மேடம், நாலாவது ஆள் வர்லயாமே. ஒரு ஷூ அலமாரிலயே கீதாம்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காலி இடம் ஒன்று இருப்பதை எனக்குத் தெரிவிக்க வந்தவள்போலத்தான் பேசினாள். நான் தயாராக இல்லை. "அந்தப் பையனுக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

"என்னா மேடம் உடம்புக்கு?"

"ஜுரம்."

"அப்ப அவுருக்கு ஜுரம் போற வரைக்கும் நான் நிக்கட்டா மேடம்? அவுரு வந்த உடனே நான் பூடறேன். சர்டிபிகேட்கூட வேணாம்" என்றாள்.

சர்டிபிகேட் வேண்டாம் என்று சொன்ன ஒரு பிள்ளையை என் இருபது வருட வேலையில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். அவளை நான் உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி கேட்டிருப்பார், நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும், உன் பள்ளி அறிக்கைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்திருக்கும். அவ்வளவுதான். வேலை போயிருக்காது, உன் படிப்பும் போயிருக்காது. ஆனால் படித்த பெண் என்று அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதில் ஒரு கீறல் விழுவதை நான் விரும்பவில்லை. "நாளைக்கு அவன் வந்துடுவாம்மா. நீ போ" என்றேன். அவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரயில்வே கேட் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை நீ அண்ணா நகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, தோசை கேட்டு, நான்கு சாப்பிட்டாய். ஜுரம் இருக்கிறதா என்று உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "என்னம்மா?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன்.

பத்தாம் நாள் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மேற்பார்வையாளர் ஒரு வரி எழுத வேண்டும். எட்டியப்பன் மூன்று பேருக்கும் எழுதிவிட்டு உன் தாளை எடுத்தார். அவர் எழுதியது இது: 'அமைதியானவர். பத்து நாளில் ஒரு கருவியைக்கூட உடைக்கவில்லை.' உன் பள்ளியில் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள். தாளை என்னிடம் நீட்டும்போது அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கேட்டாண்ட வந்துச்சே, அத்த உள்ள வுட்டிருக்கலாம் மேடம்" என்று மட்டும் சொன்னார். வாட்ச்மேன் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, ஆஜர் விளையாட்டை விளையாடவும் இல்லை.

அடுத்த வருடம் அந்த ஆசிரியர் புதிய பட்டியலோடு வந்தபோது நானாகத்தான் கேட்டேன். "அந்தப் பொண்ணா? வேற எங்கயும் இடம் கெடைக்கல மேடம். ஆவடில நமக்குத் தெரிஞ்ச ஜெராக்ஸ் கடைல பத்து நாள் உக்கார வெச்சு, எஞ்சினியரிங் ஒர்க்ஸ்னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சு வாங்கிட்டோம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே மற்றதையும் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், பயிற்சியில் என்ன மெஷினில் வேலை பார்த்தாய் என்று அவளைக் கேட்டிருக்கிறார். "ஜெராக்ஸ் மெஷின் சார்" என்றிருக்கிறாள். "லேத்துன்னு சொல்லுடின்னு அவ்ளோ சொல்லிக் குடுத்திருந்தேன் மேடம். கேக்கல. அது ஒரு மாதிரி பொண்ணு" என்றார். மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆவடியில் ஏதோ கடையில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். எந்தக் கடை என்று தெரியாது. அதற்கடுத்த வருடம் அவருக்கு மாறுதல் ஆகிவிட்டது. நான் அவளைத் தேடிப் போகவில்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேட்டால் லாபம் எனக்குத்தான், அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா, சோம்பேறித்தனமா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உனக்கும் அதில் ஓர் இழப்பு இருந்தது. இதைச் சொல்லிக் காட்டுவதாக நினைக்காதே. மதிப்பெண் கிடைத்தது, மெக்கானிக்கல் கிடைத்தது, சேர்த்துவிட்டோம். மூன்றாம் வருடம் ஒரு நாள் கல்லூரிப் பட்டறையிலிருந்து வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இந்தச் சத்தம் எனக்கு ஆகலம்மா. தலைக்குள்ள இரையுது. இதை வாழ்நாள் முழுக்க நான் பண்ண மாட்டேன்" என்றாய். உன் அப்பா கத்தினார். பத்தொன்பது வயதில், பாதிப் படிப்பு முடிந்த பிறகு நீ தெரிந்துகொண்டதை, பதினாறு வயதில் எங்கள் பட்டறையில் இரண்டே நாளில் தெரிந்துகொண்டிருப்பாய். எட்டியப்பன் உன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பார். நீ மேற்கொண்டு மேலாண்மை படித்து, மனிதர்களோடு பழகும் வேலைக்குப் போய்விட்டாய், நன்றாகவும் இருக்கிறாய். ஆனால் அந்த இரண்டு மூன்று வருடம் நீ வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்ததற்கு நான் சொன்ன பத்து நாள் பொய்யும் ஒரு காரணம். சத்தம் பிடிக்காத நீ அந்த இடத்தைப் பெயரளவில் வைத்திருந்தாய். அந்தச் சத்தத்துக்குள் நிற்க ஆசைப்பட்டவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள் நான்.

நீ கேட்கலாம், ஆறு பேரும் மகேஸ்வரி ஆகிவிடுவார்களா என்று. ஆக மாட்டார்கள். நான் பார்த்த வரையில் நான்கு பேரில் இரண்டு பேருக்குச் சர்டிபிகேட் போதும், ஒருவனுக்குக் கேன்டீன் போதும். ஆனால் மிச்சமிருக்கும் ஒருவர் யார் என்பது பட்டியலைப் பார்த்துத் தெரியாது. வந்து நின்றால்தான் தெரியும். 'வரவே வேண்டாம்' என்று நீ போனில் சொல்கிற வார்த்தை ஆறு பேரில் யார் காதில் எப்படி விழும் என்பது உனக்குத் தெரியாது. எனக்காவது அவள் முகம் நேரில் வந்தது. உனக்கு அதுகூட வராது. எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வாய். பசங்களுக்கு அலைச்சல் மிச்சம், எங்களுக்குத் தொல்லை மிச்சம் என்று நீ சொன்னாயே, அந்தச் சுமுகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை, முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடத்துக்கு முந்தைய பட்டியல், உன் பெயர், காலியாக இருந்த இடம், கேட்டில் நின்ற பெண், எல்லாம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் விரும்பவும் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதுக்கென்ன மேடம், ஊர்ல எல்லாரும் பண்றதுதானே. இதுக்குப் போய் இவ்ளோ வருஷமா மனசுல வெச்சிருந்தீங்களா?" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். நீ போனில் சிரித்ததும் அதே சிரிப்புதான். அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதியே தீர வேண்டும் என்று பட்டது.

அவர்களை வரச் சொல். எதையும் பெரிதாகத் திட்டமிடாதே. ஆறு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் கேள், கழிவறை எங்கே என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் காட்டு. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்களா என்று விசாரி, மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டீ வாங்கி வர அனுப்பாதே, யாரும் அனுப்பவும் விடாதே. மெஷினைப் பிறகு பார்க்கலாம். அளப்பதற்கு ஏதாவது ஒன்றைக் கையில் கொடு, அவர்கள் எழுதும் எண்ணை யாராவது ஒருவர் உட்கார்ந்து உண்மையாகவே படித்துப் பார்க்கட்டும். உற்பத்திப் பிரிவில் எட்டியப்பனைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். வாய்த்துடுக்குள்ள ஆளாக இருப்பார், மேலதிகாரிகளுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. அவரைக் கண்டுபிடித்துக் கேள். முடியாது என்று திட்டிக்கொண்டே ஒத்துக்கொள்வார். பத்து நாள் முடிவில் ஒருவன் வந்து இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அவனுக்கும் நல்ல மதிப்பெண் போடு. அவன் தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொண்டுவிட்டான்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நீ சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார். உன் அப்பா தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பூந்தமல்லி பைபாஸில் ஓசூர் பஸ் ஏறுகிறேன். வெளியாளை உள்ளே விடலாமா என்று உன் மேலாளரிடம் கேட்டு வை. விட மாட்டார்கள் என்றால் பரவாயில்லை, எதிரே டீக்கடை இருக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய், அங்கே உட்கார்ந்து அவர்கள் தினமும் எழுதிக் கொண்டு வருவதைத் திருத்திக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உன் கம்பெனி கேட்டுக்கு நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆறு பேரும் நின்றால் எண்ணி உள்ளே அனுப்பிவிடலாம். யாரும் இல்லையென்றால், அந்தப் பள்ளிக்கு எப்படிப் போவது என்று உங்கள் வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா